கண்டக்டர் சோலைமலையும் நீல எழுத்தும்

"விசில் அடிக்காம வண்டி எப்படி டீச்சர் கிளம்பும்?"

சீடர் கேட்ட முதல் கேள்வி இது.

குரு மேசைக்கு அடியில் குனிந்து ஏதோ ஒரு வயரைச் செருகிக்கொண்டிருந்தாள்.

சீடருக்கு வயது அறுபத்தொன்று. குருவுக்கு முப்பத்திரண்டு. முறை மாறிக் கிடக்கிறதே என்று யாராவது முகம் சுளித்தால், தாராளமாகச் சுளித்துக்கொள்ளுங்கள். தெரியாதவர் கேட்க வேண்டும், தெரிந்தவர் சொல்ல வேண்டும். நடுவில் வயதுக்கு என்ன வேலை?

சீடரின் பெயர் சோலைமலை. மதுரை, ராமேஸ்வரம் வழித்தடத்தில் முப்பத்து மூன்று வருடம் கண்டக்டர். ஓய்வு பெற்ற அன்று தோல் பையைக் கொடுத்தார், டிக்கெட் மிஷினைக் கொடுத்தார். விசிலை மட்டும் கொடுக்கவில்லை. அது அவருடைய சொந்த விசில். பித்தளை. சாவிக்கொத்தில் மாட்டி வைத்திருக்கிறார்.

குருவின் பெயர் ரெஜினா. மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு டயர் கடையின் மாடியில் அறை எடுத்திருக்கிறாள். உள்ளே மூன்று பெரிய திரை, ஏகப்பட்ட பொத்தான், பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றி வந்த இருக்கை. அதில் உட்கார்ந்தால் விமானம் ஓட்டலாம். நிஜ விமானம் இல்லை, சிமுலேட்டர். ஆனாலும் திரையில் தெரிவது நம்ம மதுரை ஓடுபாதை. பொத்தான்களும் பெரிய விமானத்தில் இருப்பது மாதிரியேதான். கல்லூரிப் பிள்ளைகள் சாயங்காலம் வந்து ஓட்டிவிட்டு, சத்தம் போட்டுவிட்டுப் போவார்கள்.

அங்கே ஒரு கண்டக்டருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

மகள் வெண்ணிலா சிங்கப்பூரில் இருக்கிறாள். பேத்திக்கு அடுத்த மாதம் முதல் பிறந்தநாள். பேத்தியை சோலைமலை இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறார். அது தாத்தா முகத்தைக் கண்டால் போனை வாயில் வைத்துக் கடிக்கும். அதற்கே மனுஷன் கரைந்து போவார்.

இரண்டு தடவை டிக்கெட் போட்டார்கள்.

முதல் தடவை விமான நிலையத்துக் கண்ணாடி வழியாக விமானத்தைப் பார்த்தார். பார்த்ததோடு சரி. "வயிறு சரியில்லை" என்று சொல்லி ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

இரண்டாவது தடவை உள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டார். பெல்ட் போட்டார். கதவைச் சாத்தினார்கள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

டிரைவரைக் காணோம்!

முப்பத்து மூன்று வருடம் டிரைவரின் பின்கழுத்தைப் பார்த்தே பிழைத்தவர் அவர். அந்தக் கழுத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார், ஆள் தூங்கி வழிகிறாரா, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாரா என்று. இங்கே கழுத்தும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு கதவு. அதுவும் சாத்திய கதவு.

போதாக்குறைக்கு, அவர் விசில் கொடுக்காமலே வண்டி நகர்ந்தது.

எழுந்து நின்று கத்திவிட்டார். "நிப்பாட்டுங்க! ஆள் இறங்கணும்!"

நிறுத்தினார்கள். இறக்கிவிட்டார்கள். கூடவே அவர் மனைவி பவுனுத்தாயும் இறங்க வேண்டியதாயிற்று. அத்தனை ஜனமும் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இன்றைக்கு நினைத்தாலும் அவருக்குக் காது சூடாகிவிடும்.

பவுனுத்தாய் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"அடுத்த தடவ நீங்க இறங்குனா நான் இறங்க மாட்டேன். அங்கயே பிள்ளையோட இருந்துக்கிறேன்."

பவுனுத்தாய் சொன்னால் சொன்னதுதான். முப்பத்தைந்து வருடத்தில் சோலைமலை அதை அனுபவித்துத் தெரிந்துகொண்டவர்.

மூன்றாவது டிக்கெட்டும் போட்டாயிற்று. இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

"யாரு ஓட்டுறாங்க, எப்படி ஓட்டுறாங்கன்னு தெரிஞ்சுட்டா பயம் போயிரும் டீச்சர். கத்துக் குடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ரெஜினா வயரைச் செருகி முடித்து எழுந்தாள். கையைத் தட்டித் தூசியை உதறினாள்.

"உக்காருங்கண்ணே."

*

முதல் பாடம், கிளம்புவது.

"கையால மேல தூக்கணும். நிலத்தை விட்டுக் கொஞ்சம் ஏறுனதும் இந்தப் பொத்தானை அமுக்கணும். ஆட்டோபைலட். அதுக்கப்புறம் அது பாத்துக்கும்."

"அது பாத்துக்குமா? அது யாரு?"

"பொத்தான்தான்."

"ஏர்போர்ட் டவர்லேர்ந்து விசில் கிசில் அடிப்பாங்களா?"

"போகலாம்னு சொல்லுவாங்க. வாயால."

"வாயாலயா!" சோலைமலைக்கு அதில் நம்பிக்கை பிறக்கவில்லை.

விமானம் ஓடியது, எழுந்தது. பெருங்குடிக் கண்மாய் கீழே தட்டு மாதிரி மின்னியது. சோலைமலை பொத்தானை அமுக்கினார். டப், டப்.

உடனே ஒரு அலறல். சிவப்பு விளக்கு. விமானம் ஒருபக்கமாகச் சாய்ந்தது. சோலைமலை இருக்கையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். டயர் கடை மாடியில் உட்கார்ந்திருப்பது அந்த நேரத்துக்கு அவருக்கு மறந்தேபோயிற்று.

ரெஜினா எட்டி ஒரு தரம் அமுக்கினாள். அலறல் நின்றது. விமானம் நிமிர்ந்தது.

"பொத்தான் கெட்டுப் போச்சு டீச்சர்."

ரெஜினா திரையின் மேல்பக்கத்தைக் காட்டினாள். அங்கே ஒரு சின்னக் கறுப்புப் பட்டை. அதில் சில எழுத்துகள்.

"இதான் போர்டு. பஸ்ஸு எங்க போகுதுன்னு முன்னாடி போர்டு வப்பீங்கள்ல? அது மாதிரி. பச்சையா எழுதியிருந்தா, இப்ப நடக்குதுன்னு அர்த்தம். நீலமா எழுதியிருந்தா, காத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்."

"என்னத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கு?"

"அதோட நேரத்துக்கு."

"நேரத்தைச் சொல்றது நம்மதான டீச்சர்? நம்ம விசிலைக் குடுத்தாத்தான நேரம்?"

ரெஜினா சிரித்ததோடு சரி. அதிகம் பேசுகிற பழக்கம் அவளிடம் இல்லை. டீச்சர் என்று பெயர் வைத்துக்கொண்டு இவ்வளவு கஞ்சத்தனமா என்று சோலைமலைக்கு முதல் வாரம் முழுக்க எரிச்சலாகத்தான் இருந்தது.

*

இரண்டாவது பாடம், இறங்குவது. வில்லங்கமே இங்கேதான்.

"ஓடுபாதையிலேர்ந்து ஒரு ரேடியோ அலை சரிவா மேல வருது. கண்ணுக்குத் தெரியாது. மாடிப்படிக் கைப்பிடி மாதிரின்னு வச்சுக்கங்க. நம்ம மூவாயிரம் அடியில நேராப் போய்க்கிட்டே இருக்கணும். போகப் போக அந்தக் கைப்பிடி நம்ம கைக்கு வரும். வந்ததும் விமானம் அதைப் பிடிச்சுக்கிட்டுத் தானா இறங்கும்."

"நம்ம என்ன செய்யணும்?"

"இறங்குறதுக்கு அப்ரோச்னு ஒரு பொத்தான், அதை அமுக்கணும். நீல எழுத்து வரும். பிடிச்சதும் பச்சையாகும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

சோலைமலை மூவாயிரம் அடியில் நேராகப் போனார். தூரத்தில் ஓடுபாதை கோடு போட்ட மாதிரித் தெரிந்தது. பொத்தானை அமுக்கினார். டப், டப்.

விமானம் நேராகப் போயிற்று. இன்னும் நேராகப் போயிற்று. ஓடுபாதை காலுக்கடியில் வந்தது. பின்னால் போயிற்று.

"டீச்சர், ஸ்டாப்பிங்கு தாண்டிருச்சு!"

அவருக்கு அது தாங்கவில்லை. சர்வீசில் ஒரு நாள்கூட, ஒரே ஒரு ஸ்டாப்பிங்கைக்கூடத் தாண்டினதில்லை அவர். பாட்டி ஒருத்தி கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவது தெரிந்தால்கூட வண்டியை நிறுத்தி ஏற்றியவர். இப்போது விமான நிலையத்தையே தாண்டிவிட்டார்.

திருமங்கலம் போயிற்று. உசிலம்பட்டி போயிற்று. எதிரில் மலை வந்தது. ஆங்கிலத்தில் ஒரு குரல், மேலே இழு, மேலே இழு என்று கத்தியது. பிறகு திரை கறுத்துப் போனது.

"மறுபடி" என்றாள் ரெஜினா.

மறுபடி டப், டப். மறுபடி உசிலம்பட்டி.

"மறுபடி."

அந்த வாரத்தில் சோலைமலை உசிலம்பட்டி மலையில் ஒன்பது தடவை மோதினார். கல்லூரிப் பிள்ளைகள் அவருக்கு "உசிலம்பட்டி எக்ஸ்பிரஸ்" என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவரும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். ஆனால் வீட்டுக்குப் போய்க் காலண்டரைப் பார்க்கும்போது சிரிப்பு வரவில்லை. இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. பவுனுத்தாய் ஹாலில் உட்கார்ந்து பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய துணியை ஒரு பெட்டியில், அவருடைய துணியை இன்னொரு பெட்டியில்.

"ஏன் தனித்தனியா அடுக்குற?"

"தேவைப்படும்ல" என்றாள் அவள்.

அன்று அவர் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

*

மறுநாள் வந்ததும் வராததுமாகச் சொன்னார்.

"டீச்சர், எனக்கு இது வராது. பொத்தானை அமுக்குறேன், அது கேக்க மாட்டேங்குது."

"எத்தனை தரம் அமுக்குறீங்க?"

"ரெண்டு தரம்."

"ஏன் ரெண்டு?"

சோலைமலை அவளை விசித்திரமாகப் பார்த்தார். இதுகூடத் தெரியாமல் ஒரு பெண் மதுரையில் எப்படி வளர்ந்தது?

"ஒரு விசில் குடுத்தா வண்டி நிக்கும். ரெண்டு விசில் குடுத்தாத்தான் போகும். ஊருக்கே தெரியுமே டீச்சர்!"

ரெஜினா சிரிக்க ஆரம்பித்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பாவம், இந்த மனுஷன் பயத்தில் தடுமாறுகிறார் என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். முப்பத்து மூன்று வருடத்து ராமேஸ்வரம் வண்டி அந்த விரலில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"அண்ணே, முதல் தரம் அமுக்குனா போடுறது. ரெண்டாம் தரம் அமுக்குனா எடுக்குறது."

"அப்ப நான்..."

"நீங்களே சொல்லிட்டு நீங்களே வேண்டாங்குறீங்க."

சோலைமலை பொத்தானைப் பார்த்தார். தன் விரலைப் பார்த்தார்.

"சரி. இனிமே ஒரு தரம்தான்."

சொல்வது எளிது. உட்கார்ந்தார், மூவாயிரம் அடி, டப். நீல எழுத்து வந்தது. ஒரு நொடி, இரண்டு நொடி. ஒன்றும் நடக்கவில்லை. விமானம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. விரல் அரித்தது. விரல் தானாகப் பொத்தானுக்குப் போயிற்று. டப்.

உசிலம்பட்டி.

"மறுபடி அமுக்கிட்டீங்க."

"நான் அமுக்கல டீச்சர். அதுவா அமுக்கிருச்சு!"

ரெஜினா கையை நீட்டினாள்.

"விசிலைக் குடுங்க."

"எதுக்கு?"

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. சோலைமலை சாவிக்கொத்திலிருந்து விசிலைக் கழற்றிக் கொடுத்தார். கொடுக்க மனசே இல்லை. குருவாகிவிட்டாளே, கேட்கிறாளே, என்ன செய்வது?

மறுபடி மூவாயிரம் அடி. டப். நீல எழுத்து. ஒரு நொடி, இரண்டு நொடி, விரல் கிளம்பியது.

பீஈஈ!

காதோரத்தில் ஒற்றை விசில். சோலைமலையின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. ஒற்றை விசிலுக்கு நிற்காமல் போன வண்டி எது?

ரெஜினா அந்தரத்தில் நின்ற கையில் ஒரு கண்ணாடி டம்ளரைத் திணித்தாள். சூடான டீ. விளிம்புவரை நிரப்பியிருந்தது. சிந்தாமல் பிடிக்க வேண்டுமானால் இரண்டு கையும் வேண்டும்.

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சோலைமலை நீல எழுத்தைப் பார்த்தார்.

எவ்வளவு நேரம்! ராமேஸ்வரம் ரோட்டில் ரயில்வே கேட் சாத்தியிருக்கும்போதுகூட இவ்வளவு நேரம் ஆனதில்லை என்று தோன்றியது. டீ ஆடியது. ஓடுபாதை கொஞ்சம் பெரிதாகியது. ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை.

நடந்தது.

நீலம் பச்சையாகியது. விமானத்தின் மூக்கு மெல்லத் தாழ்ந்தது. ஓடுபாதை கண்ணுக்கு நேராக வந்து நின்றது.

"டீச்சர்! பிடிச்சிருச்சு! டீச்சர், பிடிச்சிருச்சு!"

டீ முழுக்க வேட்டியில் கொட்டிவிட்டது. அவர் கவனிக்கவே இல்லை. தரைக்குக் கொஞ்சம் முன்னால் ரெஜினா சொல்லச் சொல்லக் கையால் பிடித்து இறக்கினார். தடாலென்றுதான் இறங்கியது. இறங்கியதே, அது போதாதா? வேட்டியும் நனைந்து கண்ணும் நனைந்து உட்கார்ந்திருந்த உசிலம்பட்டி எக்ஸ்பிரஸுக்குக் கல்லூரிப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

*

அதற்குப் பிறகு அவர் தினமும் இறங்கினார். சென்னையிலிருந்து வந்து இறங்கினார், மழையில் இறங்கினார். காற்று தள்ளும்போதும் இறங்கினார். ஒரு தரம் அமுக்குவார், கையை மடியில் வைத்துக்கொள்வார், போர்டைப் பார்ப்பார். உயரத்தைத் திருகி வைப்பது ஒன்று, அந்த உயரத்துக்குப் போ என்று அமுக்குவது வேறொன்று என்பதுகூட அவருக்குப் பிடிபட்டுவிட்டது. புதிதாக வந்த பிள்ளைகளுக்கு அவரே விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம் வந்து, இருக்கையில் உட்காராமல் நின்றார்.

"என்னண்ணே?"

"டீச்சர், ஒரு சந்தேகம். இங்க போர்டு எனக்குத் தெரியுது. நீலம்னா நீலம், பச்சைன்னா பச்சை. மனசு தைரியமா இருக்கு."

"சரி."

"அங்க நான் இருபத்தி ரெண்டாவது வரிசையில உக்காந்திருப்பேன். கதவைச் சாத்திருவாங்க. போர்டும் தெரியாது, டிரைவரும் தெரியாது. அப்ப நான் என்ன செய்யிறது? இத்தனை நாள் படிச்சது எல்லாம் வீணா டீச்சர்?"

மனுஷன் உண்மையாகவே பயந்துபோயிருந்தார். இரண்டு பெட்டி வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் தயாராக நிற்கிறது. பவுனுத்தாயின் பெட்டியில் அவளுடைய குளிர்காலப் போர்வைகூட இருக்கிறது. ஒரு மாதத்துக்குப் போகிறவள் எதற்குப் போர்வையை எடுத்து வைக்கிறாள்?

ரெஜினா எழுந்தாள். ஒரு பழைய படுக்கை விரிப்பை எடுத்து, இருக்கைக்குப் பின்னால் குறுக்கே கயிறு கட்டித் தொங்கவிட்டாள். விரிப்புக்கு இந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டாள்.

"உக்காருங்க."

"இங்கயா?"

"இதான் இருபத்தி ரெண்டாவது வரிசை."

அவள் விரிப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

என்ஜின் சத்தம் வந்தது. கூடியது. சென்னையில் கிளம்பி மதுரைக்கு வருகிறது என்று மட்டும் சொல்லியிருந்தாள். சோலைமலை படுக்கை விரிப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதில் மயில் படம் போட்டிருந்தது.

"டீச்சர், ஆட்டோபைலட் போட்டாச்சா?"

பதில் இல்லை.

"ஒரு தரம்தான அமுக்குனீங்க?"

பதில் இல்லை.

"டீச்சர், இப்ப நீலமா, பச்சையா? அதை மட்டுமாவது சொல்லுங்களேன்!"

மயில்தான் அவரைப் பார்த்தது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. எழுந்து விரிப்பை விலக்கிப் பார்த்துவிடலாமா என்று கால் துடித்தது. அப்படி எழுந்துதான் போன தடவை மானம் போயிற்று. உட்கார்ந்தே இருந்தார். முக்கால் மணி நேரம் அந்தப் பாடு பட்டார்.

பிறகு விரிப்பு விலகியது. ரெஜினா இரண்டு டம்ளர் டீயோடு வந்தாள். ஒன்றை அவரிடம் கொடுத்தாள். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணே, ரொம்ப நாளாக் கேக்கணும்னு. மதுரையில கிளம்புனா உங்களுக்கு முதல் ஸ்டாப்பிங்கு எது?"

அப்பாடா! சோலைமலைக்கு மூச்சு வந்தது. இதைக் கேட்க முப்பத்து மூன்று வருடத்தில் ஒருத்தருக்குத் தோன்றியதா?

"சிலைமான். அங்க ஒரு பூக்காரம்மா ஏறும். டிக்கெட்டோட எனக்கு ஒரு ரோஜாப்பூவும் குடுக்கும். வேண்டாம்னா கோவிச்சுக்கும்."

"அப்புறம்?"

"திருப்புவனம். சந்தை நாளுன்னா கோழியும் ஆடுமா ஏறும். ஒரு தடவ ஒரு சேவல் டிரைவர் தலையில போய் உக்காந்திருச்சு. அவரும் அசையாம அஞ்சு கிலோமீட்டர் ஓட்டுனாரு!"

ரெஜினா சிரித்தாள். சோலைமலையும் சிரித்தார். டீ நன்றாக இருந்தது. இஞ்சி போட்டிருந்தாள்.

"அப்புறம்?"

"திருப்பாச்சேத்தி. மானாமதுரை, அங்க பத்து நிமிசம் நிப்போம். பார்த்திபனூர். பரமக்குடி..."

பரமக்குடியில் நின்றுவிட்டார்.

டம்ளரைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரெஜினாவைப் பார்த்தார். மயிலைப் பார்த்தார். மயிலுக்கு அந்தப் பக்கம் என்ஜின் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"டீச்சர்."

"ம்."

"நீங்க இங்க இருக்கீங்க."

"ஆமா."

"அப்ப அங்க யாரு ஓட்டுறது?"

ரெஜினா ஒரு வாய் டீ குடித்தாள்.

"பரமக்குடிக்கு அப்புறம்?"

சோலைமலை எழுந்திருக்கப் பார்த்தார். பாதி எழுந்தார். அந்தக் கேள்வி பதிலுக்காக அப்படியே நின்றது. வழித்தடத்தைப் பாதியில் விட அவருக்குத் தெரியாது. மெதுவாக உட்கார்ந்தார்.

"சத்திரக்குடி" என்றார்.

விரிப்புக்கு அந்தப் பக்கம் சக்கரம் தரையைத் தொட்டது. தடதடவென்று ஓடி, வேகம் குறைந்து, நின்றது.

சோலைமலை விரிப்பை விலக்கிப் பார்த்தார். இருக்கை காலியாக இருந்தது. திரையில் மதுரை விமான நிலையம் வெயிலில் கிடந்தது.

"அடப்பாவிகளா!" என்று கத்தினார். "ஆளே இல்லாம இறங்கியிருக்கு!"

"போட வேண்டியதைப் போட்டேன், தானாத் தரையில இறக்கி பிரேக் போடுறது உள்பட. நீலம் பச்சையாகுற வரைக்கும் பாத்தேன். அப்புறந்தான் டீ ஊத்த எந்திரிச்சேன்" என்றாள் ரெஜினா. "நிஜ விமானத்துல எந்திரிச்சு வர மாட்டாங்கண்ணே. ரெண்டு பேரு உக்காந்து போர்டையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. இது உங்களுக்காக."

சோலைமலை அங்கேயே நின்றார். கோபப்படுவதா, சிரிப்பதா என்று அவருக்கே புரியவில்லை.

"சேவல் கதை சொல்றப்போ எனக்குப் பயமே இல்ல டீச்சர்" என்றார் கடைசியில்.

ரெஜினா டம்ளர்களைக் கழுவப் போய்விட்டாள்.

கிளம்பும்போது அவர் வாசலில் தயங்கினார்.

"என் விசில்?"

"அது என்கிட்ட இருக்கட்டும்."

*

விமானம் ஏறினார்கள். இருபத்திரண்டாவது வரிசை. பவுனுத்தாய் ஜன்னலோரம், சோலைமலை பக்கத்தில். கதவைச் சாத்தினார்கள்.

பவுனுத்தாய் ஒரு கையை மூடி மடியில் வைத்துக்கொண்டு, அவரையே கண்கொட்டாமல் பார்த்திருந்தாள்.

என்ஜின் முழங்கியது. விமானம் நகர்ந்தது. சோலைமலையின் ஆள்காட்டி விரல் இருக்கையின் கைப்பிடியை அமுக்கியது. ஒரு தரம்.

பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார்.

வண்டி கிளம்பியது. கண்மாய் கீழே தட்டு மாதிரி மின்னியது. அவருக்குத் தெரிந்த கண்மாய்தான். பக்கத்து சீட்டுக்காரருக்கு அதைக் காட்டிப் பெயர்கூடச் சொன்னார். சாப்பாடு வந்தது, சாப்பிட்டார். கொஞ்சம் தூங்கினார். கொஞ்சம் குறட்டையும் விட்டார்.

விழித்தபோது கீழே கடல். சின்னச் சின்னதாகக் கப்பல்கள். விமானம் இறங்கி இறங்கி வந்து, ஒரு உயரத்தில் நேராகப் போக ஆரம்பித்தது. என்ஜின் சத்தம் சட்டென்று தணிந்தது.

அவ்வளவுதான், பவுனுத்தாய்க்கு உயிரே போய்விட்டது. மதுரையிலிருந்து அவரைக் காவல் காத்ததில் அவளுக்குப் பயப்படவே நேரம் கிடைக்கவில்லை. இப்போது மொத்தமாக வந்தது.

"ஏங்க! சத்தம் நின்னு போச்சுங்க! கீழயும் போகல, மேலயும் போகல. அந்தரத்துல நிக்குதுங்க!"

பெல்ட்டைக் கழற்றிவிட்டாள். பாதி எழுந்துவிட்டாள்.

அவள் மூடியிருந்த கை அப்போதுதான் திறந்தது. உள்ளே அவருடைய பித்தளை விசில்.

"இது எப்படி உன்கிட்ட?"

"நேத்து டீச்சரம்மா வீட்டுக்கு வந்து குடுத்துச்சு. நீங்க எந்திரிச்சா ஒரு தரம் ஊதச் சொல்லுச்சு. ஐயோ, அது இப்ப ரொம்ப முக்கியமா? யாரையாச்சும் கூப்பிடுங்க!"

சோலைமலை விசிலை எடுத்தார். மூச்சு விடுகிற அளவுக்குத்தான் ஊதினார். மெல்ல, ஒரே ஒரு தரம்.

பீ.

பவுனுத்தாய் பொத்தென்று உட்கார்ந்தாள். முப்பத்து மூன்று வருடம் கண்டக்டர் பெண்டாட்டி.

அவர் அவளுக்குப் பெல்ட்டை மாட்டிவிட்டார். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"பேத்திக்கு என்னென்ன பலகாரம் எடுத்து வச்ச?"

"இப்பவா கேப்பீங்க!"

"சொல்லு. ஒவ்வொண்ணாச் சொல்லு."

"முறுக்கு" என்றாள் பவுனுத்தாய், நடுங்கிக்கொண்டே. "அதிரசம்..."

விமானத்தின் மூக்கு மெல்லத் தாழ்ந்தது. அவள் அவர் கையை இறுக்கினாள்.

"ஏங்க, யாருங்க இதை ஓட்டுறது?"

"முறுக்கு, அதிரசம்" என்றார் சோலைமலை. "அப்புறம்?"